மைலேஜ் மீட்டரும் ரேஞ்சும்: சேலம்–ஏற்காடு ரோட்டில் கார் ஓட்டுபவர்களின் கேள்விகள்

டேஷ்போர்டில் மைலேஜ் (லிட்டருக்கு எத்தனை கி.மீ.) என்று ஓர் எண் இருக்கிறது, ரேஞ்ச் (மிச்சமுள்ள பெட்ரோலில் இன்னும் எத்தனை கி.மீ. போகலாம்) என்று இன்னோர் எண் இருக்கிறது. சமதளத்தில் இரண்டும் ஓரளவு சொன்ன சொல் காப்பாற்றும். அடிவாரம் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் இரண்டும் தடுமாறும். ஏன் தடுமாறுகின்றன, எந்த அளவு நம்பலாம், எப்போது நம்பவே கூடாது என்பவை கீழே. கணக்குகள் எல்லாம் 1,200 சி.சி. பெட்ரோல் கார், 37 லிட்டர் டேங்க், நான்கு பேர் என்று வைத்துப் போட்டவை. உங்கள் காரின் எண்களைப் போட்டு நீங்களும் செய்து பார்க்கலாம்.

அஸ்தம்பட்டியில் கிளம்பும்போது ரேஞ்ச் 476 கி.மீ. இருந்தது. ஏற்காடு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தும்போது 296. ஓடியது சுமார் 30 கி.மீ. தானே? மீதி எங்கே போனது?

எங்கும் போகவில்லை, டேங்க் ஒழுகவும் இல்லை. ரேஞ்ச் என்பது பெட்ரோலின் அளவு அல்ல, ஒரு பெருக்கல் கணக்கு. டேங்கில் மிச்சமுள்ள லிட்டரை, அண்மையில் ஓடிய தூரத்தின் சராசரி மைலேஜால் கார் பெருக்குகிறது. கிளம்பும்போது டேங்கில் 28 லிட்டர், சராசரி 17. பெருக்கினால் 476. மேலே வந்து சேர 3.3 லிட்டர் செலவானது, மிச்சம் 24.7. ஆனால் ஏற்றத்தில் பெட்ரோலை அள்ளிக் குடித்ததால் சராசரி 12-க்கு இறங்கிவிட்டது. 24.7 × 12 = 296.

பெட்ரோல் குறைந்தது 12 சதவீதம்தான். ரேஞ்ச் குறைந்தது 38 சதவீதம். கார் உங்களிடம் சொல்வது இதுதான்: “இனியும் இதே போல் ஏறிக்கொண்டே போனால் 296 கி.மீ. போகலாம்.” ஏற்காட்டுக்கு மேலே அப்படி ஏற மலை இல்லை என்பது அதற்குத் தெரியாது. அது வந்த பாதையை வைத்து வரப்போகும் பாதையைச் சொல்கிறது. ஏற்காட்டில் வந்த பாதையும் திரும்பும் பாதையும் நேர் எதிரானவை, அதனால்தான் இங்கே மற்ற ஊர்களைவிட அதிகமாகத் தவறுகிறது.

மறுநாள் இறங்கும்போது இதே எண் ஏறும். கோரிமேடு வரும்போது 430, 450 என்று காட்டும். பெட்ரோல் குறைந்திருக்கும், ரேஞ்ச் கூடியிருக்கும். இரண்டுமே அந்த நேரத்துக் கணக்கின்படி சரிதான்.

எத்தனை கிலோமீட்டரின் சராசரியை எடுப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குறைந்த தூரத்தை எடுத்துக்கொள்ளும் கார்களில் எண் வேகமாக ஏறி இறங்கும். நீண்ட தூரத்தை எடுத்துக்கொள்ளும் கார்களில் மலையேறினாலும் கொஞ்சமாகத்தான் நகரும். உங்கள் நண்பரின் கார் 60 கி.மீ. மட்டுமே குறைத்துக் காட்டினால் அது அதிக மைலேஜ் தரும் கார் என்று பொருள் இல்லை.

கார் தன் மைலேஜை எப்படிக் கண்டுபிடிக்கிறது? டேங்க் முள்ளைப் பார்த்தா?

இல்லை, இரண்டும் வேறு வேறு. இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருந்தது என்பதை இன்ஜின் கம்ப்யூட்டர் கூட்டிக்கொண்டே வரும். அவ்வளவு நேரத்தில் எவ்வளவு எரிபொருள் பாயும் என்பது அதற்குள் ஏற்கெனவே பதிந்த எண். இரண்டையும் பெருக்கினால் செலவு. தூரம் சக்கரத்தின் ஸ்பீடு சென்சாரிலிருந்து வருகிறது. தூரத்தைச் செலவால் வகுத்தால் மைலேஜ்.

டேங்க் முள் நம்புவது ஒரு மிதவையை. பெட்ரோல் இறங்க மிதவையின் கை இறங்கும், அதோடு மின்தடை மாறும், முள் நகரும். டேங்க் பின்சீட்டுக்கு அடியில் மேடும் பள்ளமுமாக, கிடைத்த இடத்தில் பொருத்திய வடிவில் இருக்கும். பல கார்களில் முதல் பாதி மெதுவாகவும் அடுத்த பாதி மளமளவென்றும் இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ரேஞ்சுக்கு இந்த இரண்டு கணக்கும் வேண்டும். ஆகவே இரண்டின் பிழையும் ரேஞ்சில் வந்து சேர்கிறது. மூன்று எண்களில் கடைசியாக நம்ப வேண்டியது அதைத்தான்.

ஏற்காடு ஏற உண்மையில் எத்தனை லிட்டர் வேண்டும்?

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். கார், ஆட்கள், பெட்டிகள் எல்லாம் சேர்த்து 1,250 கிலோ என்று வைத்தால், அவ்வளவு எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க 14.7 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 30 மெகாஜூலுக்குச் சற்று மேல் இருந்தாலும் சக்கரத்துக்கு வந்து சேர்வது சுமார் 9 மட்டுமே. மீதி ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் சூடாகப் போய்விடும். எனவே தூக்குவதற்கு மட்டும் 1.6 லிட்டர். அந்த 20 கி.மீ. மலைப்பாதையைச் சாதாரணமாக ஓட்டவே 1.1 லிட்டர் ஆகும். மொத்தம் 2.7 லிட்டர், அதாவது ஏற்றத்தில் லிட்டருக்கு 7.4 கி.மீ.

இறங்கும்போது அதே 20 கி.மீ.க்கு 0.3 லிட்டர் போதும். மலை ஏறி இறங்க 40 கி.மீ., 3 லிட்டர். நகரத்துக்கும் அடிவாரத்துக்கும் இடையே போக வர 20 கி.மீ. சமதளத்துக்கு 1.2 லிட்டர். ஆக 60 கி.மீ.க்கு 4.2 லிட்டர், சராசரி 14.3. மலைக்குப் போய்வந்தால் மைலேஜ் பாதியாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை பார்க்க வேண்டும். ஏற்றத்தில் போட்ட முதலில் ஒரு பகுதியை இறக்கம் திருப்பித் தந்துவிடுகிறது.

ஓர் ஆள் கூடுதலாக ஏறினால்? 70 கிலோவை 1,200 மீட்டர் தூக்க சுமார் 90 மில்லி பெட்ரோல் ஆகும். அரை டம்ளர். கூரை மேல் கேரியர், ஜன்னலைத் திறந்து ஓட்டுவது போன்றவை மலையில் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அங்கே வேகமே 30, 35தான். மலையில் எடைதான் செலவு, ஹைவேயில் காற்றுதான் செலவு.

கோடை விழா நடக்கும் மே மாதத்தில் இந்தக் கணக்கு பொருந்தாது. வளைவுகளில் வரிசை கட்டி நிற்கும்போது ஏ.சி.யோடு ஐட்லிங்கில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும். ஏற்றத்தில் பாதி கிளட்ச்சில் வண்டியைத் தாங்கி நிறுத்தினால் பெட்ரோலோடு கிளட்ச் பிளேட்டும் தேயும். ஹேண்ட்பிரேக் போட்டு நில்லுங்கள்.

ஏறும்போது 7.4, இறங்கும்போது 66 என்று குறித்துக்கொண்டேன். சராசரி 36.7 வருகிறதே?

இந்தத் தவறு மிகப் பலர் செய்வது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. லிட்டரைத் தனியாகவும் தூரத்தைத் தனியாகவும் கூட்டிய பிறகே வகுக்க வேண்டும். 20-ம் 20-ம் 40 கி.மீ., 2.7-ம் 0.3-ம் 3 லிட்டர். விடை 13.3.

சில கார்களில் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் வசதி செட்டிங்கில் உண்டு. 5 லிட்டர் என்றால் நம் கணக்கில் 20, 6.7 என்றால் 15, 10 என்றால் 10. நூறை அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். அந்த முறையில் சம தூரங்களின் எண்களைக் கூட்டி வகுத்தாலும் தவறாது. மலையும் சமவெளியும் மாறி மாறி ஓட்டுபவர்கள் அதற்கு மாறிக்கொள்வது நல்லது. எண் சிறியதாக இருந்தால்தான் லாபம் என்பது பழக ஒரு வாரம் ஆகும்.

இறக்கத்தில் மீட்டர் 99.9 அல்லது வெறும் கோடுகளைக் காட்டுகிறது. பழுதா? நியூட்ரலில் விட்டால் இன்னும் மிச்சமாகுமா?

பழுது இல்லை. கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரமே இன்ஜினைச் சுற்றும். அப்போது கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை முழுதாக மூடிவிடும், செலவு பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பதால் 99.9 என்றோ கோடு என்றோ காட்டுகிறது. இன்ஜின் சுற்று நிமிடத்துக்கு 1,200–1,500 வாக்கில் இறங்கியதும், அணைந்துவிடாமல் இருக்க, மறுபடி பெட்ரோல் விடத் தொடங்கும். கொண்டை ஊசி வளைவுகளில் நடப்பது அதுதான்.

நியூட்ரலில் விட்டால் இன்ஜின் தானாக ஓட வேண்டும், அதற்கு மணிக்கு சுமார் 0.6 லிட்டர் ஆகும். மலை இறங்க 45 நிமிடம் என்றால் 0.45 லிட்டர். கியரில் இறங்கினால் 0.3. ஆக நியூட்ரலில்தான் அதிகம் செலவாகிறது. கார்புரேட்டர் காலத்தில் நியூட்ரலில் மிச்சம் இருந்தது, அந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டே இருக்கிறது. இன்றைய எந்தக் காருக்கும் அது பொருந்தாது.

பெட்ரோல் கணக்கு இருக்கட்டும். நியூட்ரலில் இன்ஜின் பிடிமானம் போய்விடும், முழுச் சுமையும் பிரேக் மேல் விழும், பேட் சூடேறும், பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரையோடு போகும். ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறங்கிய லாரிகளால் எத்தனை உயிர் போயிருக்கிறது என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. ஏ.எம்.டி. (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும்) காரில் மேனுவலுக்கு மாற்றி 2-ல் வையுங்கள். சி.வி.டி. என்ற இன்னொரு வகை ஆட்டோமேட்டிக்கில் எல் (L) அல்லது பி (B) என்ற நிலை இருக்கும்.

மீட்டர் காட்டும் மைலேஜை நம்பலாமா? சரிபார்ப்பது எப்படி?

பெரும்பாலான கார்கள் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். சில சதவீதம் முதல் பத்து வரை பார்க்கலாம். ஒரே காரில் இந்தப் பிழை பெரிதாக மாறாது, அதனால் ஒரு முறை கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் பிறகு மீட்டரிலிருந்தே சரியான எண்ணை எடுத்துவிடலாம். முறை பழையது, டேங்க் டு டேங்க்:

1. கால் டேங்குக்குக் கீழே வந்தபின், தரை சமமாக உள்ள பங்க்கில் நிறுத்தி, நாசில் தானாக ‘டக்’ என்று நிற்கும்வரை நிரப்புங்கள். அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம்.
2. டிரிப் ஏ (Trip A) என்ற பயணத் தூர மீட்டரைப் பூஜ்யம் ஆக்குங்கள். சராசரி மைலேஜையும் பூஜ்யம் ஆக்குங்கள். கார் ஓடிய மொத்தத் தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. குறைந்தது 300 கி.மீ. வழக்கம் போல் ஓட்டுங்கள். இதற்காக மெதுவாக ஓட்டினால் சோதனையே வீண்.
4. அதே பங்க், அதே பம்பு, கார் நிற்கும் திசையும் அதே. தானாக நிற்கும்வரை நிரப்பி, பில்லில் உள்ள லிட்டரைப் புள்ளிக்குப் பின் இரண்டு எண்களோடு எழுதுங்கள்.

ஓடியது 412 கி.மீ., பில்லில் 24.60 லிட்டர் என்றால் உண்மை 16.75. மீட்டர் 17.9 காட்டியிருந்தால் சுமார் 7 சதவீதம் கூடுதல். இனி மீட்டர் எண்ணை 0.935-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு முறை பார்த்து முடிவுக்கு வராதீர்கள். நாசில் நிற்கும் இடம் அரை லிட்டர் முன்னே பின்னே போகும். 25 லிட்டரில் அரை லிட்டர் 2 சதவீதம், பொறுத்துக்கொள்ளலாம். 500 ரூபாய்க்குப் போட்டு மைலேஜ் பார்ப்பவர்களுக்கு அதே அரை லிட்டர் 10 சதவீதப் பிழை. அவர்கள் மாதா மாதம் “மைலேஜ் விழுந்துவிட்டது” என்று மெக்கானிக்கிடம் போவதற்கு இதுதான் காரணம். மூன்று டேங்க் தொடர்ந்து எழுதி, மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுங்கள்.

டயர் அளவை மாற்றியவர்களுக்கு இன்னொரு திருத்தம். 185/65 ஆர்15 இருந்த இடத்தில் 195/65 ஆர்15 போட்டால் சக்கர விட்டம் 2 சதவீதம் கூடும். ஓடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 102 ஓடியிருக்கும், மைலேஜும் அந்த அளவு குறைவாகத் தெரியும்.

பங்க்கில் அளவு குறைகிறது என்று சந்தேகம். என்ன செய்யலாம்?

ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரை வைத்த 5 லிட்டர் அளவுக் குடுவை இருக்க வேண்டும். கேட்டால் உங்கள் கண்முன் ஊற்றிக் காட்டுவது அவர்கள் கடமை. 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக் குறைய இருக்க அனுமதி உண்டு, அதைத் தாண்டினால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் தரலாம். ஆனால் 25 மில்லி என்பது அரை சதவீதம்தான். உங்கள் மைலேஜ் 17-லிருந்து 14-க்கு வந்திருந்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

தானாக நின்றபின் “ரவுண்டாகப் போடுங்கள்” என்று சொல்வதை விட்டுவிடுங்கள். டேங்க் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டி ஒன்று காரில் இருக்கிறது. அதற்குள் திரவப் பெட்ரோல் போனால் கெட்டுவிடும், மாற்றுவதற்குச் செலவு அதிகம்.

கம்பெனி 22 என்றது. எனக்கு டவுனில் 13 தாண்டவில்லை.

ஷோரூமில் சொல்லும் எண் ரோட்டில் எடுத்தது அல்ல. கூடத்துக்குள், உருளைகள் மேல் காரை ஓடவிட்டு, இந்தியாவுக்கென்று திருத்தி வகுத்த ஒரு ஓட்ட முறையில் அளப்பது. ஏறக்குறைய 20 நிமிடம், சுமார் 11 கி.மீ., உச்ச வேகம் 90, சராசரி 30-ஐ ஒட்டி. ஏ.சி. கிடையாது, மேடு பள்ளம் கிடையாது, ஆட்டோ குறுக்கே வராது. இரண்டு கார்களை ஒப்பிட அந்த எண் உதவும், உங்கள் மாதச் செலவுக்கு உதவாது.

டவுனில் மைலேஜைத் தின்பது தூரத்தின் சிறுமை. அழகாபுரத்திலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்குச் சரக்கு எடுக்க நான்கு கி.மீ. போய் நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால், இன்ஜின் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகவே விடும். அதற்கு மேல் சேலத்து ஏப்ரல், மே வெயில். வெயிலில் நின்ற காருக்குள் ஏறி ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்தால் முதல் பத்து நிமிடம் கம்ப்ரசர் ஓயாது. முதலில் நான்கு கண்ணாடியையும் இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டி, சூடான காற்று வெளியே போன பிறகு ஏ.சி. போடுங்கள். ஐந்து ரோடு மாதிரி இடங்களில் சிக்னலில் 60 நொடிக்கு மேல் நிற்க வேண்டும் என்றால் இன்ஜினை அணைப்பது லாபம்.

ஹைவேயில் கணக்கு வேறு. 80-ல் போகும்போது காற்று தடுக்கும் விசையைவிட 110-ல் 1.9 மடங்கு. பெங்களூர் சாலையிலோ கோவை சாலையிலோ 80, 85-ல் சீராகப் போனால் 20 கிடைக்கும் கார், 110-ல் 15, 16-க்கு வந்துவிடும். வேகத்தை 20 குறைப்பது போல் வேறு எந்த உபாயமும் அவ்வளவு மிச்சம் தராது.

இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்தபின் மைலேஜ் குறைந்ததா, பிரமையா?

குறையும், பிரமை இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் சுமார் 21 மெகாஜூல், பெட்ரோலில் 32. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் லிட்டருக்கு 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆற்றல் இழப்பு, 10 சதவீதக் கலவையோடு ஒப்பிட்டால் 3 முதல் 4 சதவீதம். இ20-க்கென்றே தயாரான இன்ஜின்கள் இதில் கொஞ்சத்தை மீட்டெடுக்கும். 17 கொடுத்த கார் 16.3 கொடுத்தால் எரிபொருள்மேல் பழியைப் போடலாம். 14 கொடுத்தால் கார்மேல்தான் போட வேண்டும்.

500 ரூபாய்க்குப் போட்டேன், ரேஞ்ச் ஏறவே இல்லை. மேட்டில் நிறுத்தினால் முள்ளும் மாறுகிறது.

வளைவிலும் குலுக்கலிலும் டேங்குக்குள் பெட்ரோல் அலையடிக்கும். முள் அதோடு ஆடாமல் இருக்க, மிதவை சொல்வதைக் கார் உடனே ஏற்காமல் மெதுவாக ஏற்கும்படி வைத்திருக்கிறார்கள். நான்கைந்து லிட்டருக்குக் குறைவாகப் போட்டால் பல கார்கள் அதைப் பெட்ரோல் போட்டதாகவே எடுத்துக்கொள்ளாது. சாவி ஆனில் இருக்கும்போது போட்டாலும் அப்படியே. சாவியை அணைத்து, சமதளத்தில் நிரப்பி, மறுபடி ஸ்டார்ட் செய்து சில கி.மீ. ஓட்டினால் சரியாகிவிடும். ஏற்காட்டு விடுதிகளின் சரிவான வாசலில் நிறுத்திவிட்டுக் காலையில் முள்ளைப் பார்த்துப் பதறாதீர்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் ரேஞ்ச் சில நாள் புதுக் கார் போல் பேசும். பழைய சராசரி அழிந்து, கம்பெனி பதிந்த எண்ணிலிருந்து தொடங்குவதால்தான்.

மலை மேலே காற்று மெல்லியது. மைலேஜுக்கும் டயருக்கும் அதனால் மாற்றம் உண்டா?

1,500 மீட்டரில் காற்று அடர்த்தி ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவு பலம் இழக்கும், அதனால் ஒரு கியர் இறக்க வேண்டி வரும். கம்ப்யூட்டர் பெட்ரோலையும் சேர்த்தே குறைத்துவிடுவதால் வீணாகாது. டயரைப் பொறுத்தவரை வெளிக்காற்று அழுத்தம் குறைவதால் கேஜ் 2 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் மேலே 10 டிகிரி குளிர்ச்சி, அதனால் 2 பி.எஸ்.ஐ. குறையும். இரண்டும் கழிந்துவிடும். சேலத்தில் காலையில், டயர் சூடேறும் முன், டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ளபடி ஏர் பிடித்துவிட்டுக் கிளம்பினால் போதும்.

மைலேஜ் உண்மையிலேயே விழுந்துவிட்டது, மூன்று டேங்க்கும் பார்த்துவிட்டேன். எங்கே தேடுவது?

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். டயர் காற்று. பிறகு பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பது: சமதளத்தில் பத்து கி.மீ. பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே காலிப்பரோ (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) ஹேண்ட்பிரேக் கேபிளோ விடவில்லை. மலையேறி இறங்கும் கார்களில் இது அடிக்கடி வரும்.

அடுத்தது பலரும் பார்க்கத் தவறும் ஒன்று, இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட். அது திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால் இன்ஜின் சூடேறவே செய்யாது, கம்ப்யூட்டர் குளிர் இன்ஜின் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் ஓட்டியும் நீல நிற டெம்பரேச்சர் விளக்கு அணையவில்லை என்றால் அதையே முதலில் மாற்றுங்கள். பிறகு ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வீல் அலைன்மென்ட், ஆக்சிஜன் சென்சார். ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் கூடியும் வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

பி.எஸ்.6 டீசல் காரில் சில நாள் திடீரென்று மைலேஜ் விழுவது நோயல்ல. புகைக்குழாயில் உள்ள டி.பி.எஃப். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க 10–20 நிமிடம் கூடுதல் டீசல் போகும். அப்போது ஐட்லிங் சுற்று கூடும், ஃபேன் ஓடும். பாதியில் வண்டியை அணைக்காமல் ஓட்டி முடியுங்கள். டவுனுக்குள்ளேயே ஓடும் காருக்கு இது அடிக்கடி வரும், வாரம் ஒரு நாள் ஆத்தூர் வரை போய்வந்தால் குறையும்.

சி.என்.ஜி., எலெக்ட்ரிக் கார்களுக்கும் இதே கதையா?

சி.என்.ஜி.யில் முள்ளுக்குப் பதில் விளக்குகள், அவை அழுத்தத்தைப் பார்ப்பவை. அழுத்தம் வெயிலுக்கு ஏறும், குளிருக்கு இறங்கும். எனவே விளக்கை விட, ஒரு கிலோவுக்கு எத்தனை கி.மீ. என்ற உங்கள் குறிப்பையே நம்புங்கள். மலைக்குப் போகும் முன் பெட்ரோல் டேங்க்கிலும் பத்து லிட்டராவது இருக்கட்டும்.

எலெக்ட்ரிக் காரில் தடுமாற்றம் இன்னும் பெரிது. 1,500 கிலோ காரை 1,200 மீட்டர் தூக்க 4.9 யூனிட் வேண்டும், மோட்டார் இழப்பையும் சேர்த்தால் ஐந்தரை. 30 யூனிட் பேட்டரியில் அது 18 சதவீதம், அதற்கு மேல் வழக்கமான ஓட்டச் செலவு. இறங்கும்போது பாதிக்கு மேல் திரும்பி வரும், ஆனால் பேட்டரியில் இடம் இருந்தால் மட்டுமே. மேலே விடுதியில் இரவு முழுக்க 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்கினால் திரும்ப வரும் மின்சாரம் போக இடமில்லாமல், மோட்டார் பிடிமானமும் குறைந்து, பிரேக்கை மிதித்தே இறங்க வேண்டி வரும். 85-ல் நிறுத்துங்கள்.

மஞ்சள் விளக்கு எரிந்தபின் எத்தனை கி.மீ. போகலாம்? ரேஞ்ச் 0 ஆனால் உடனே நின்றுவிடுமா?

37 லிட்டர் டேங்கில் விளக்கு எரியும்போது பெரும்பாலும் 4 முதல் 6 லிட்டர் இருக்கும், சரியான அளவை உங்கள் காரின் கையேட்டில் பாருங்கள். 5 லிட்டர் சமதளத்தில் 75, 80 கி.மீ. ஏற்றத்தில் 37. ஆகவே விளக்கு எரிந்தபின் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் லிட்டர் கணக்குப் பாருங்கள். ரேஞ்ச் 0 என்றோ கோடு என்றோ வந்தபின்னும் கொஞ்சம் ஓடும், ஆனால் எவ்வளவு என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

பெட்ரோல் பம்பு டேங்குக்குள்ளேயே இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. அடிமட்டத்தில் அடிக்கடி ஓட்டினால் பம்பின் ஆயுள் குறையும். மலையில் இன்னொரு சிக்கல் உண்டு: செங்குத்தான வளைவில் மிச்சமுள்ள இரண்டு லிட்டரும் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்புக்கு எட்டாமல் இன்ஜின் இருமும். சமதளத்தில் ஓடியிருக்கும் கார் வளைவில் நின்றுவிடும். அடிவாரத்தில் குறைந்தது கால் டேங்க், கூட்ட நாள் என்றால் பாதி. லூப் ரோடு சுற்றி, சேர்வராயன் கோயிலுக்கும் போய்வரும் திட்டம் இருந்தால் அதற்குத் தனியாக மூன்று லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

நின்றே விட்டால், வளைவில் நிற்காமல் வண்டியை ஓரம் உருட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, முன்சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, முக்கோணப் பலகையை வளைவுக்கு முன்பே தெரியும்படி வையுங்கள். சரிவில் நிற்கும் காருக்கு ஒரு லிட்டர் பாட்டில் போதாது, ஐந்து லிட்டராவது ஊற்றுங்கள். பெட்ரோல் கார் என்றால் சாவியை ஆனில் வைத்து ஐந்து நொடி, அணைத்து, மறுபடி ஆன், இப்படி மூன்று முறை செய்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள். டீசல் என்றால் குழாயில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் அருகே கை பம்பு இருந்தால் அது கெட்டியாகும்வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். செல்ஃபைத் தொடர்ந்து பத்து நொடிக்கு மேல் இழுக்காதீர்கள், ஒவ்வொரு முறைக்கும் இடையில் அரை நிமிடம் விடுங்கள்.